அமெரிக்காவுல நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஊர் சட்டத்தை இப்படிப் பாருங்க

இங்க நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்ல அடிக்கடி வர்ற கேள்வி, பசங்க நாய் வேணும்னு ஒரே பிடிவாதம், பக்கத்துல எந்தக் கடையில குட்டி கிடைக்கும்? உடனே ஒருத்தர் கடையில நாய் விக்கறதே இல்லீகல்னு சொல்வாரு, இன்னொருத்தர் போன மாசம்தான் மால்ல வாங்கினோம்னு ஃபோட்டோ போடுவாரு. ரெண்டு பேர் சொல்றதும் சரியாவே இருக்கலாம், ஏன்னா இந்த விஷயத்துல நாடு முழுக்க ஒரே சட்டம்னு ஒண்ணு கிடையாது, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேற, ஸ்டேட்டுக்குள்ள ஊருக்கு ஊர் வேற, நான் இருக்கற நியூஜெர்சில எல்லாம் ரோடு தாண்டினா சட்டம் மாறிடும்.

முதல்ல ஒரு குழப்பத்தை தீர்த்துக்கலாம். பெட்கோ, பெட்ஸ்மார்ட்னு பெரிய பெட் ஸ்டோர் கம்பெனிங்க ரெண்டுலயும் நாய் பூனையை விலைக்கு விக்கறது இல்ல, அங்க கண்ணாடிக்குள்ள பூனை உக்காந்திருக்கறத பாத்திருப்பீங்க, அது பக்கத்து ஷெல்டரோ (ஆதரவில்லாத பிராணிங்களோட காப்பகம்) ரெஸ்க்யூ குரூப்போ (அதுங்களை மீட்டு வளக்க ஆள் தேடற அமைப்பு) அடாப்ஷனுக்கு கொண்டு வந்து வெச்சது. அது அந்தக் கம்பெனிகளே எடுத்த முடிவு, சட்டத்தால வந்தது இல்ல. நாம பேசப்போறது நாய்க்குட்டியை ஆயிரக்கணக்கான டாலருக்கு விக்கற கடைகளைப் பத்தி.

இந்தத் தடை சட்டம் என்ன சொல்லுதுன்னா, பெட் ஸ்டோர் வெச்சிருக்கறவங்க நாய், பூனை (நிறைய இடத்துல முயலும்) விக்கக்கூடாது, ஷெல்டர் அல்லது ரெஸ்க்யூல இருந்து வந்ததுன்னா மட்டும் வெச்சு அடாப்ஷனுக்கு குடுக்கலாம். அவ்வளவுதான். நீங்க நாய் வளக்கறதுக்கும் தடை இல்ல, பிரீடர், அதாவது குட்டி போட வெச்சு விக்கறவர், வீட்டுக்கே போய் வாங்கறதுக்கும் தடை இல்ல, கோல்டன் ரெட்ரீவர்தான் வேணும்னா அதுக்கும் தடை இல்ல. இதை ஏன் அழுத்தி சொல்றேன்னா, கடைக்காரங்க தரப்புல "உங்க உரிமையை புடுங்கறாங்க"ன்னு ஒரு பேச்சு எப்பவும் ஓடும், சட்டத்தைப் படிச்சா அப்படி ஒண்ணும் இருக்காது, நடுவுல இருக்கற கடையை மட்டும்தான் எடுக்கறாங்க.

ஏன் கடையை மட்டும்? கடைக்கு வர்ற குட்டி பெரும்பாலும் மிசௌரி, ஐயோவா, இந்தியானா, ஒஹையோ மாதிரி இடங்கள்ல இருக்கற பெரிய பிரீடிங் பண்ணைல பிறந்து, புரோக்கர் கை மாறி, வேன்ல பல மணி நேரம் ஓடி வரும். இந்தப் பண்ணைகளுக்கு மத்திய அரசு விவசாயத் துறை, அதாவது யூஎஸ்டிஏ, லைசென்ஸ் குடுக்குது, அனிமல் வெல்ஃபேர் ஆக்ட்னு 1966ல வந்த சட்டத்துக்குக் கீழ. "யூஎஸ்டிஏ லைசென்ஸ்டு பிரீடர்"னு கடைக்காரர் பெருமையா சொல்லும்போது என்னமோ ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி கேக்கும், ஆனா அந்த விதிப்படி ஒரு நாய்க்கு குடுக்க வேண்டிய கூண்டு எவ்வளவு தெரியுமா, நாயோட நீளத்தோட 6 இன்ச் கூட்டி அதை சதுரமாக்கினா வர்ற இடம், தலைக்கு மேல 6 இன்ச். அதுல ஒரு நாய் வருஷக்கணக்கா குட்டி போட்டுட்டே இருந்தாலும் விதிமீறல் கிடையாது. இதைத்தான் பப்பி மில்னு சொல்றாங்க, பண்ணையை உள்ளூர் கவுன்சில் ஒண்ணும் பண்ண முடியாது, அது வேற ஸ்டேட்ல இருக்கு, அதனால விக்கற வாசலை மூடுவோம்னு ஊர்க்காரங்க கிளம்பினதுதான் இந்த சட்டமெல்லாம். நியூமெக்சிகோல ஆல்பகர்க்கி 2006லயே பண்ணிட்டாங்க, அப்புறம் கலிஃபோர்னியால சவுத் லேக் டாஹோ, வெஸ்ட் ஹாலிவுட்னு சின்ன ஊருங்க, 2012ல லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி பெரிய சிட்டி வந்ததும் வேகம் பிடிச்சுது.

சரி, இப்ப உங்க ஊருக்கு எப்படிப் பாக்கறது.

ஸ்டேட்ல இருந்து ஆரம்பிங்க. ஸ்டேட்டே தடை போட்டிருந்தா ஊர் சட்டத்தை தேடி நேரம் வீணாக்க வேண்டாம். கலிஃபோர்னியாதான் முதல்ல, 2017ல சட்டம் போட்டு 2019 ஜனவரி 1ல இருந்து அமல். மேரிலேண்ட் 2020ல இருந்து. இல்லினாய்ஸ் 2022. நியூயார்க் 2022 டிசம்பர்ல கையெழுத்தாகி 2024 டிசம்பர் 15ல இருந்து அமலுக்கு வந்துது, அதனால அதுக்கு முன்னாடி லாங் ஐலேண்ட்ல வாங்கினவங்க அனுபவத்தை இப்ப கேட்டு பிரயோஜனம் இல்ல. வாஷிங்டன் ஸ்டேட்லயும் 2021ல சட்டம் வந்துது, ஆனா ஏற்கனவே நாய் வித்துட்டிருந்த கடைகளை விட்டுட்டாங்க, புதுசா யாரும் ஆரம்பிக்க முடியாது, அதனால சியாட்டில் பக்கம் எங்கயாவது ஒரு கடை திறந்திருந்தா உடனே சட்டவிரோதம்னு முடிவு கட்டாதீங்க. ஒரேகான், வெர்மாண்ட் எல்லாம் கூட பின்னாடி சேந்துக்கிட்டாங்க.

இதுக்கு நேர் எதிரா, ஊர்க்காரங்க தடை போடவே கூடாதுன்னு சட்டம் போட்ட ஸ்டேட்டும் இருக்கு, இதை ப்ரீஎம்ப்ஷன்னு சொல்வாங்க. அரிசோனா கதை நல்ல உதாரணம். ஃபீனிக்ஸ் சிட்டி 2013 டிசம்பர்ல தடை போட்டுது, ஒரு கடை கோர்ட்டுக்குப் போச்சு, 2015ல ஃபெடரல் ஜட்ஜ் சிட்டி பக்கம் தீர்ப்பு குடுத்தாரு, ஜெயிச்சாச்சுன்னு இருக்கும்போது 2016ல ஸ்டேட் சட்டசபைல புது சட்டம் போட்டு ஊர்த் தடை எல்லாத்தையும் செல்லாததாக்கிட்டாங்க. அதே வருஷம் டிசம்பர்ல ஒஹையோலயும் இதே தான், அங்க க்ரோவ் சிட்டி, டொலீடோ ரெண்டும் போட்டிருந்த கட்டுப்பாடு போச்சு. நாய்க்குட்டி விக்கற பெட் ஸ்டோர் செயினான பெட்லேண்ட் கம்பெனியோட தலைமை ஆபீஸ் ஒஹையோல சில்லிகோத்தேல இருக்குங்கறதையும் சேர்த்துப் படிங்க, மத்தது உங்களுக்கே புரியும். கொலம்பஸ்ல இருக்கற நம்ம ஆளுங்க ஊர் சட்டத்தை தேடறதுல அர்த்தம் இல்ல, நேரா கீழ சொல்லியிருக்கற கடை பகுதிக்கு போயிடுங்க.

ஸ்டேட் தடையும் இல்ல, ப்ரீஎம்ப்ஷனும் இல்லன்னா அப்பதான் கவுண்டி, சிட்டி, டவுன்ஷிப்னு இறங்கணும். நியூஜெர்சில நூறுக்கு மேல முனிசிபாலிட்டி தனித்தனியா ஆர்டினன்ஸ், அதாவது ஊர் சட்டம், போட்டிருக்காங்க, ஃபுளோரிடாவுலயும் நிறைய, ஆர்லாண்டோ இருக்கற ஆரஞ்ச் கவுண்டி 2021ல போட்டு 2022ல அமலுக்கு கொண்டு வந்தாங்க, டெக்சஸ்ல டாலஸ் 2022ல போட்டுது. ஆனா டாலஸ்னு சொன்னா டாலஸ் சிட்டி லிமிட் மட்டும், ஃப்ரிஸ்கோ, பிளேனோ, இர்விங்ல இருந்துட்டு "நான் டாலஸ்"னு சொல்றவங்களுக்கு அது பொருந்தாது, அவங்கவங்க சிட்டியோட கோட், அதாவது ஊர் சட்டத் தொகுப்பைத்தான் பாக்கணும்.

இங்கதான் முக்கால்வாசி பேர் தப்பான ஊரைத் தேடுவாங்க. தபால் அட்ரஸ்ல இருக்கற ஊர் பேரும் உங்களை ஆளற முனிசிபாலிட்டியும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. பிரின்ஸ்டன் ஜங்ஷன்னு அட்ரஸ் எழுதறவங்க இருக்கறது வெஸ்ட் வின்சர் டவுன்ஷிப்ல, மன்மவுத் ஜங்ஷன், கெண்டால் பார்க் எல்லாம் சவுத் பிரன்ஸ்விக்ல வரும், ஓக் ட்ரீ ரோடுல இட்லி சாப்பிடப் போற ஐசலின் உட்பிரிட்ஜ் டவுன்ஷிப். உங்க சந்தேகம் தீர பிராப்பர்ட்டி டாக்ஸ் பில்ல பாருங்க, வாடகை வீடுன்னா கவுண்டி வெப்சைட் மேப்ல அட்ரஸ் போட்டுப் பாருங்க. இன்னொண்ணு, பாக்க வேண்டியது உங்க வீடு இருக்கற ஊர் மட்டும் இல்ல, கடை இருக்கற ஊரும்தான், ஏன்னா சட்டம் விக்கறவனைத்தான் பிடிக்கும், வாங்கற உங்களை இல்ல.

ஆர்டினன்ஸ் எங்க கிடைக்கும்னா, பெரும்பாலான ஊர்கள் தங்களோட சட்டத் தொகுப்பை மூணு கம்பெனி வழியா ஆன்லைன்ல போடறாங்க, முனிகோட், ஈகோட் 360, அமெரிக்கன் லீகல் பப்ளிஷிங். ஊர் பேரோட "கோட் ஆஃப் ஆர்டினன்சஸ்"னு கூகுள்ல அடிச்சா இதுல ஒண்ணுதான் முதல்ல வரும். உள்ள போய் "அனிமல்ஸ்"னு இருக்கற சாப்டரை திறங்க, இல்லேன்னா தேடற பெட்டில "பெட் ஷாப்", "ரீடெயில் சேல்" ரெண்டையும் தனித்தனியா போட்டுப் பாருங்க, சில ஊர்ல அனிமல்ஸ் சாப்டர்ல இருக்காது, பிசினஸ் லைசென்ஸ் சாப்டர்ல ஒளிஞ்சிருக்கும். புதுசா பாஸ் ஆன ஆர்டினன்ஸ் கோடுக்குள்ள ஏற மாசக்கணக்காகும், அதுக்கு "நியூ ஆர்டினன்சஸ்"னு தனி லிங்க் இருக்கும், அதையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்க. எதுவும் கிடைக்கலையா, டவுன் கிளர்க் ஆபீசுக்கு ஃபோன் போடுங்க, இந்த நாட்டுல அரசாங்க ஆபீஸ்ல ஃபோன் எடுத்து பொறுமையா பதில் சொல்ற ஆள் யாருன்னா என் அனுபவத்துல டவுன் கிளர்க்தான்.

கிடைச்சப்புறம் முழுசா படிக்க வேண்டாம், டெஃபினிஷன் பகுதியை மட்டும் ஒழுங்கா படிங்க, விஷயம் பூரா அங்கதான் இருக்கு. "பெட் ஷாப்"னா யாருன்னு எழுதியிருக்காங்க, சொந்தமா வளத்த குட்டியை விக்கற பிரீடருக்கு விலக்கு இருக்கா, "ரெஸ்க்யூ"ன்னா என்னன்னு விளக்கியிருக்காங்களா, பிரீடர்கிட்ட காசு குடுத்து குட்டி எடுக்கற அமைப்பை ரெஸ்க்யூல சேக்கக்கூடாதுன்னு ஒரு வரி இருக்கா. அப்புறம் அமலுக்கு வர்ற தேதி, ஏற்கனவே இருக்கற கடைக்கு சலுகை இருக்கா. இவ்வளவு பாத்தா போதும்.

அந்த ரெஸ்க்யூ வரி ஏன் முக்கியம்னு கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுங்க ஏமாறது இங்கதான். சிகாகோ 2014ல தடை போட்டுது, கடைல ஷெல்டர், ரெஸ்க்யூ நாய்தான் இருக்கணும். என்ன ஆச்சு, கொஞ்ச நாள்ல சில கடைகள்ல அதே எட்டு வாரத்து குட்டிங்க, அதே டூடுல் (பூடில் கலப்பு), அதே ஃப்ரென்ச் புல்டாக், அதே ஆயிரக்கணக்கான டாலர் விலை, பேர் மட்டும் "ரெஸ்க்யூ". எப்படின்னு பாத்தா, பிரீடர் புரோக்கர் பக்கமே ஒரு நான் பிராஃபிட் (லாப நோக்கம் இல்லாத) அமைப்பை பதிவு பண்ணி, பண்ணைல இருந்து வர்ற குட்டியை அந்தப் பேர்ல அனுப்பறது. கலிஃபோர்னியாவுலயும் இதே கூத்து. ஐயோவால இருந்து இப்படி குட்டி அனுப்பின ரெண்டு நான் பிராஃபிட் மேல ஐயோவா ஸ்டேட்டோட தலைமை அரசு வக்கீலான அட்டர்னி ஜெனரலே 2019ல கேஸ் போட்டு, அடுத்த வருஷம் ரெண்டையும் கலைக்க வெச்சாரு. அதுக்கப்புறம்தான் கலிஃபோர்னியா 2021ல சட்டத்தை இறுக்கினாங்க, இப்ப அங்க கடை நாய் பூனையை விக்கவே முடியாது, ரெஸ்க்யூக்கு இடம் மட்டும் குடுக்கலாம், அடாப்ஷன் ஃபீ எல்லாம் சேத்து 500 டாலருக்கு மேல போகக்கூடாது, அதுல கடைக்கு பங்கும் கிடையாது. சிகாகோவும் அதே 2021ல ஓட்டையை அடைச்சுது.

அதனால கடைல "ரெஸ்க்யூ பப்பி"ன்னு போர்டு பாத்தா ரெண்டு நிமிஷம் யோசிங்க. நிஜ ரெஸ்க்யூல எல்லா வயசு நாயும் இருக்கும், ஒரு காது கிழிஞ்சது, மூணு கால்ல நடக்கறது, ஒன்பது வயசு லேப்ரடார், என்ன இனம்னே சொல்ல முடியாதது, எல்லாம் கலந்து இருக்கும். வாரா வாரம் ஒரே வயசுல விதவிதமா டிசைனர் குட்டி மட்டும் வந்துட்டே இருந்தா அது பண்ணை சரக்கு. ஃபீ ரெண்டாயிரம் மூவாயிரம்னா கேக்கவே வேண்டாம். இன்னும் சுலபமா கண்டுபிடிக்கணும்னா, இந்தக் குட்டியோட அம்மா இப்ப எங்க இருக்குன்னு கேளுங்க, நிஜ ரெஸ்க்யூக்காரங்க "அதுவும் எங்ககிட்டதான் இருக்கு, அதையும் பாக்கறீங்களா"ன்னு உடனே தள்ளி விடப் பாப்பாங்க.

கடையில விக்கறது சட்டப்படி செல்லுபடியான ஊர்ல இருக்கீங்க, கடையிலதான் வாங்கப்போறோம்னு வீட்டுல முடிவாயிடுச்சுன்னா, வேண்டாம்னு சொல்றதுதான் என் கருத்து, இருந்தாலும் போறதுன்னா கண்ணைத் திறந்துட்டுப் போங்க.

குட்டியை கைல வாங்காதீங்க. இதை முதல் விதியா வெச்சுக்கோங்க. அந்தக் கடைகள்ல சின்ன ரூம்ல உங்களை உக்கார வெச்சு குட்டியை பையன் மடில குடுத்துடுவாங்க, அதுக்கப்புறம் எந்த பேப்பரும் யாரும் படிக்கப்போறதில்ல. முதல்ல பிரீடர் பேர், ஊர், யூஎஸ்டிஏ லைசென்ஸ் நம்பர் கேளுங்க, நியூஜெர்சில இந்த விவரமெல்லாம் கடைக்காரர் கூண்டுலயே ஒட்டி வெச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு. நம்பர் நடுவுல A எழுத்து இருந்தா சொந்தமா வளக்கற பிரீடர், B எழுத்து இருந்தா வாங்கி விக்கற புரோக்கர். முன்னாடி இருக்கற ரெண்டு இலக்கம் ஸ்டேட்டை குறிக்கும், 43னா மிசௌரி, 42ன்னா ஐயோவா. "லோக்கல் பிரீடர்"னு வாயால சொல்லிட்டு அட்டைல 43 இருந்தா அங்கயே கிளம்பிடலாம்.

அந்த நம்பரை வெச்சு யூஎஸ்டிஏக்கு கீழ இருக்கற ஏஃபிஸ் (APHIS) வெப்சைட்ல தேடினா இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் பிடிஎஃப்பா வரும். 2017 பிப்ரவரில இந்த ரிப்போர்ட்டை எல்லாம் திடீர்னு வெப்சைட்ல இருந்து தூக்கிட்டாங்க, இந்த நாட்டு பார்லிமெண்டான காங்கிரஸ்ல சத்தம் போட்டு 2020லதான் திரும்ப வந்துது, அதனால பழைய பதிவுகள்ல "ரிப்போர்ட் பாக்க முடியாது"ன்னு யாராவது எழுதியிருந்தா நம்பாதீங்க, இப்ப முடியும். ரிப்போர்ட்ல "நோ நான் கம்ப்ளையன்ட் ஐட்டம்ஸ்"னு ஒரே வரி இருந்தா குறை எதுவும் எழுதலன்னு அர்த்தம், குறை எழுதாததும் குறை இல்லாததும் ஒண்ணு இல்ல, இருந்தாலும் கடைசிப் பக்கத்துல அன்னிக்கு எத்தனை நாய் இருந்துதுன்னு எண்ணிக்கை இருக்கும், அதைப் பாருங்க, பெரிய நாய் 180, குட்டி 220ன்னு இருந்தா நாய்க்கு ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் மனுஷ முகம் தெரியும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

ஸ்டேட் தாண்டி வர்ற குட்டிக்கு வெட் (கால்நடை டாக்டர்) கையெழுத்துப் போட்ட ஹெல்த் சர்டிஃபிகேட் ஒண்ணு கூட வரணும், அதுல எங்க இருந்து கிளம்புச்சு, எப்ப கிளம்புச்சு எல்லாம் இருக்கும். ஒரு காப்பி கேளுங்க, அப்புறம் தர்றோம்னு சொன்னா அது வரும்னு எதிர்பாக்காதீங்க. ஏகேசி (அமெரிக்கன் கென்னல் கிளப்) பேப்பர் இருக்குன்னு காட்டினா மயங்க வேண்டாம், அது அப்பா அம்மா யாருன்னு சொல்ற பதிவு, ஆரோக்கியத்துக்கு உத்தரவாதம் இல்ல.

காசு விஷயம். மாசம் இத்தனை கட்டினா போதும்னு கடையிலயே ஃபைனான்ஸ் குடுப்பாங்க, கையெழுத்துக்கு முன்னாடி அது லோனா லீஸா பாருங்க. ஆமா, நாய்க்கு லீஸ், கார் மாதிரி, கடைசி தவணை முடியற வரைக்கும் நாய் கம்பெனியோடது, தவணை எல்லாம் கட்டி முடிச்சப்புறமும் தனியா ஒரு தொகை கட்டினாதான் உங்களுது. கலிஃபோர்னியா, நெவாடா ரெண்டும் 2017லயே இதுக்கு எதிரா சட்டம் போட்டாச்சு, எல்லா ஸ்டேட்லயும் அப்படி இல்ல.

வாங்கினப்புறம் ரெண்டு மூணு நாள்ல உங்க சொந்த வெட்கிட்ட காட்டுங்க, கடைக்காரர் சொல்ற வெட் வேண்டாம். நிறைய ஸ்டேட்ல பெட் லெமன் லான்னு ஒண்ணு இருக்கு, குட்டி நோயோட வந்திருந்தா பணம் திரும்ப வாங்கலாம், மாத்திக்கலாம், இல்லேன்னா குட்டியை வெச்சுக்கிட்டே வெட் பில்லை ஒரு வரம்பு வரைக்கும் கேக்கலாம். கெடு முக்கியம், நியூஜெர்சில நோய்க்கு 14 நாள், பிறவிக் குறைக்கு 6 மாசம், நியூயார்க்ல 14 வேலை நாள், 180 நாள், கலிஃபோர்னியால 15 நாள், 1 வருஷம். வெட் எழுதிக் குடுத்த சர்டிஃபிகேட் இல்லாம இது எதுவும் நடக்காது.

வீட்டுல சின்னக் குழந்தையோ ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மாவோ இருந்தா ஒரு விஷயம். 2016ல இருந்து 2018 வரைக்கும் கேம்பிலோபாக்டர்னு ஒரு கிருமியால வயித்துப்போக்கு பரவி, 17 ஸ்டேட்ல 113 பேருக்கு வந்துது, பெட் ஸ்டோர் நாய்க்குட்டிங்க மூலமாத்தான் பரவுச்சுன்னு மத்திய அரசோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி கண்டுபிடிச்சாங்க, வழக்கமா குடுக்கற ஆன்டிபயாடிக் வேலை செய்யல, ஏன்னா அந்தக் குட்டிங்களுக்கு முன்கூட்டியே மருந்து குடுத்துக் குடுத்து கிருமி பழகிப்போச்சு. குட்டி எங்க இருந்து வந்தாலும் சரி, கழிவு எடுத்தப்புறம் சோப்பு போட்டு கை கழுவறதும், குழந்தை வாயை நக்க விடாம இருக்கறதும் முதல் சில வாரம் கட்டாயம்.

கடை வேண்டாம், வேற வழின்னா ரெண்டு இருக்கு.

ஒண்ணு பிரீடர். நேர்ல போங்க, அம்மா நாயை அது இருக்கற இடத்துலயே பாருங்க. இங்கிலாந்துல 2020 ஏப்ரல்ல இருந்து லூசீஸ் லான்னு ஒரு சட்டம் இருக்கு, ஆறு மாசத்துக்கு குறைஞ்ச குட்டியை வளத்தவங்களைத் தவிர மூணாவது ஆள் யாரும் விக்கவே கூடாது, லூசிங்கறது வேல்ஸ்ல ஒரு பண்ணைல இருந்து மீட்ட கேவலியர் நாயோட பேர். அந்த நாட்டுல சட்டமா இருக்கறதை இங்க நீங்க உங்க சொந்த விதியா வெச்சுக்கோங்க. "வீடு ரிப்பேர்ல இருக்கு, பாதி வழியில கேஸ் ஸ்டேஷன்ல சந்திக்கலாம்"னா வேண்டாம். இனத்துக்கு ஏத்த மாதிரி இடுப்பு, கண், இதய டெஸ்ட் பண்ணியிருக்காங்களான்னு கேட்டு, நாய்ங்களோட டெஸ்ட் ரிசல்ட்டை பதிவு பண்ற ஓஎஃப்ஏ (OFA) வெப்சைட்ல அப்பா அம்மா நாயோட பேரைப் போட்டுப் பாருங்க, யார் வேணாலும் இலவசமா பாக்கலாம். யூஎஸ்டிஏ லைசென்ஸ் இல்லையேன்னு பயப்படாதீங்க, குட்டி போடற பெண் நாய் நாலோ அதுக்கு கம்மியோ வெச்சிருக்கறவங்களுக்கு அது தேவையே இல்ல, நல்ல பிரீடர்ங்க நிறைய பேர் இந்த வகைதான். நல்ல பிரீடர் உங்களைத்தான் குடைஞ்சு கேள்வி கேப்பாங்க, காத்திருக்கச் சொல்வாங்க, வெச்சுக்க முடியலன்னா எங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடணும்னு எழுதி வாங்குவாங்க. படம் மட்டும் அனுப்பி, பணம் அனுப்பற ஸெல் (Zelle) ஆப்லயோ கிஃப்ட் கார்டுலயோ அட்வான்ஸ் கேட்டு, அப்புறம் ஷிப்பிங் இன்சூரன்ஸ், ஸ்பெஷல் கூண்டுன்னு இன்னும் இன்னும் கேட்டா அங்க நாயே கிடையாது. கலிஃபோர்னியால ஆன்லைன் புரோக்கர்ங்க தொல்லை தாங்காம 2025ல அவங்களுக்கும் தனியா தடை கொண்டு வந்துட்டாங்க.

இன்னொண்ணு ஷெல்டர், ரெஸ்க்யூ. பெட்ஃபைண்டர், அடாப்ட் எ பெட் ரெண்டுலயும் ஜிப் கோடு போட்டா பக்கத்துல இருக்கறது வரும், குட்டிங்களும் வரும், தனி இனத்துக்குன்னே ரெஸ்க்யூ குரூப்பும் இருக்கு. ஃபீல பெரும்பாலும் கருத்தடை ஆபரேஷன், ரேபிஸ் ஊசி, மைக்ரோசிப் எல்லாம் அடங்கிடும். சில ரெஸ்க்யூக்காரங்க கேக்கற ஃபார்ம் கிரீன் கார்டு ஃபார்மை விட நீளம், வேலி இருக்கா, எத்தனை மணி நேரம் நாய் தனியா இருக்கும், ஊரை விட்டுப் போனா என்ன பண்ணுவீங்கன்னு கேப்பாங்க, விசால இருக்கறவங்க இந்தக் கடைசி கேள்விக்கு உள்ளதை எழுதுங்க. அபார்ட்மெண்ட்னா லீஸ்ல நாய்க்கு அனுமதி இருக்கா, எடை வரம்பு, இனத்தடை இருக்கான்னு முன்னாடியே பாத்து லீசிங் ஆபீஸ்ல எழுதி வாங்கி வெச்சுடுங்க. ஒரு ரெஸ்க்யூ இல்லன்னு சொன்னா கோவிச்சுக்காம நேரா முனிசிபல் ஷெல்டருக்குப் போங்க, அங்க இவ்வளவு குடைச்சல் இருக்காது.

கடைசியா, உங்க ஊர்ல தடை இல்ல, கொண்டு வரணும்னு நினைக்கறவங்களுக்கு. முதல்ல ஸ்டேட்ல ப்ரீஎம்ப்ஷன் இருக்கான்னு பாத்துடுங்க, இருந்தா டவுன் வக்கீல் முதல் மீட்டிங்லயே மூடி வெச்சுடுவாரு. இல்லேன்னா, பக்கத்து ஊர் போட்ட ஆர்டினன்சை பிரிண்ட் எடுத்துட்டு உங்க கவுன்சில் மெம்பர் ஒருத்தரை தனியா பாருங்க, புதுசா எழுதச் சொன்னா யாருக்கும் நேரம் இல்ல, பக்கத்து ஊரோடதை பேர் மாத்தி போடச் சொன்னா வேலை நகரும். கடையே இல்லாத ஊர்ல கொண்டு வர்றது சுலபம், எதிர்க்க ஆள் இருக்காது, நிறைய ஊர் அப்படித்தான் கடை வர்றதுக்கு முன்னாடியே போட்டு வெச்சிருக்காங்க. கடை இருக்கற ஊர்னா அந்த ஓனரும் மீட்டிங்குக்கு வருவாரு, வேலை போற ஆளுங்களையும் கூட்டிட்டு வருவாரு, அவங்க பயம் நியாயமானதுதான், அதனால ஆறு மாசமோ ஒரு வருஷமோ அவகாசம் குடுத்து, தீனி, பொருள், க்ரூமிங், அடாப்ஷன்னு மாத்திக்க வழி வெச்சு எழுதறது நல்லது. கடை வாசல்ல நின்னு கவுன்ட்டர்ல இருக்கற காலேஜ் பொண்ணுகிட்ட கத்தறது எதுக்கும் உதவாது.

பப்ளிக் கமெண்ட்ல ஒருத்தருக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான், டைமர் ஓடும். அழற நாய் படத்தை விட, உங்க ஊர்க் கடைல ஒட்டியிருக்கற லைசென்ஸ் நம்பரும் அதே நம்பரோட இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டும் கைல இருந்தா வேலை செய்யும். "கோர்ட்டுக்கு இழுப்பாங்க"ன்னு யாராவது பயமுறுத்தினா, சிகாகோ ஆர்டினன்சை எதிர்த்துப் போன கேஸ்ல 2017ல ஏழாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் சிட்டி பக்கம்தான் சொல்லுச்சுன்னு எடுத்து வைங்க. பெரும்பாலும் ரெண்டு மீட்டிங் ஆகும், ஒண்ணுல அறிமுகம், அடுத்ததுல ஓட்டு, ரெண்டாவதுக்குத்தான் ஆள் திரட்டணும், நம்ம ஆளுங்க முதல் மீட்டிங்குக்கு செல்ஃபி எடுத்துட்டு ரெண்டாவதுக்கு பொங்கல் விழா ரிஹர்சல்னு போயிடுவாங்க.

எழுதும்போது விட்டுடக்கூடாதது நாலு: ரெஸ்க்யூன்னா யாருங்கற விளக்கம், ஒவ்வொரு நாய் பூனையும் எங்க இருந்து வந்துதுங்கற ரெக்கார்டை கடை வெச்சிருக்கணும்ங்கறது, அபராதம் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியாங்கறது, யார் போய் செக் பண்ணணும்ங்கறது. கடைசிது இல்லாத ஆர்டினன்ஸ் பேப்பர்லயே தூங்கும். பாஸ் ஆனப்புறமும் கடைல குட்டி வித்துட்டிருந்தா கூண்டு அட்டையை தேதியோட ஃபோட்டோ எடுத்து, விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அனிமல் கண்ட்ரோலுக்கும் கோட் என்ஃபோர்ஸ்மெண்டுக்கும் ஒரே ஈமெயில்ல அனுப்புங்க, டவுன் கிளர்க்கை சிசில போடுங்க. நியூயார்க் மாதிரி ஸ்டேட் சட்டம் இருக்கற இடத்துல அட்டர்னி ஜெனரல் ஆபீசுக்கு அனுப்பணும். பதில் வரலன்னா அடுத்த கவுன்சில் மீட்டிங் பப்ளிக் கமெண்ட்ல அந்த ஈமெயிலை அப்படியே படிச்சிடுங்க, மினிட்ஸ்ல ஏறிடும்.